மர ஜன்னல்: கழற்றி எறிவதற்கு முன்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சில, செகந்திராபாத்தில் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர், மெட்டுகுடா போன்ற பகுதிகளில் இன்னும் தாத்தா காலத்து வீடுகளில் வசிக்கின்றன. மற்றவர்கள் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டோம். பழைய வீட்டைப் பில்டரிடம் ஒப்படைக்கும்போதோ, வெள்ளையடித்துப் புதுப்பிக்கும்போதோ முதலில் வெளியே போவது மர ஜன்னல்தான். "மூட வரவில்லை, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது, அடிப்பக்கம் உளுத்துவிட்டது" என்று காரணம் சொல்கிறோம். பழைய மரக்கடைக்காரர் வந்து, கொடுப்பதைக் கொடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். அவர் ஏற்றிச் செல்வது, இன்று எளிதில் வாங்க முடியாத முதிர்ந்த தேக்கு என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ரயில்வேயில் மரத்தின் அருமையை நன்கு அறிந்தவர்கள் இருந்தார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இல் முழு எஃகுப் பெட்டிகளைக் கட்டத் தொடங்குவதற்கு முன், பயணிகள் பெட்டிகளின் உடல் பெரும்பாலும் தேக்கு மரத்தால் ஆனது. வெயில், மழை, அதிர்வு மூன்றையும் அந்தப் பெட்டிகளும் ஜன்னல்களும் பல்லாண்டுகள் தாங்கின. காரணம் தேக்கு மட்டும் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பணிமனைக்கு வரும்; கெட்ட சட்டத்தை மட்டும் மாற்றுவார்கள்; பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். வீட்டு ஜன்னலுக்கும் இதே முறைதான் பொருந்தும்.

ஜன்னலைக் கெடுப்பது எது?

வயது அல்ல, தண்ணீர். மரத்தில் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை, அதை உளுக்கச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. எனவே பழுது பார்க்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் நான்கு இடங்கள்தான்:

1. மேலே சன்ஷேடு விரிசல் விட்டிருக்கும். அல்லது அதன் அடியில் நீர் சொட்டுவதற்கான காடி இல்லாமல், தண்ணீர் சுவரோடு ஒட்டி வழிந்து நிலைக்கு வரும்.

2. கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டி (இங்கே 'லப்பம்' என்பார்கள்) உதிர்ந்து, தண்ணீர் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும்.

3. ஜன்னல் படி வெளிப்பக்கம் சரியாமல் உள்பக்கம் சரிந்திருக்கும்.

4. கதவின் அடி விளிம்புக்கு ஒருநாளும் பெயிண்ட் அடித்திருக்கமாட்டார்கள். இது கண்ணுக்குத் தெரியாத இடம். பெரும்பாலான ஜன்னல்கள் கெடுவது இங்கேதான். மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சுவது போல் பக்கவாட்டு முகம் உறிஞ்சுவதில்லை.

இந்த ஊர்த் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையைப் போல் ஆண்டு முழுவதும் கடற்காற்றின் ஈரம் இங்கு இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் காற்று உலர்ந்து மரம் சுருங்குகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஈரம் ஏறி உப்புகிறது. மழைக்காலத்தில் ஜன்னல் இறுகிவிட்டது என்று உடனே தச்சரை (இங்கே 'வட்ரங்கி') அழைத்து இழைத்துவிட்டால், அடுத்த கோடையில் விரல் நுழையும் இடைவெளி நிற்கும். மழை முடிந்து மரம் காயட்டும். அப்போதும் இறுகினால் மட்டும் இழைக்கலாம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். நிலையின் கீழ் மூலைகள், கதவின் கீழ்ச்சட்டம், படியோடு சேரும் இடம் ஆகியவற்றில் லேசாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நின்றுவிடும். உளுத்த மரத்தில் வெண்ணெயில் போவது போல் இறங்கும். தட்டினால் பொள்ளல் ஓசை வந்தாலோ, சுவரோரம் மண் குழாய் தெரிந்தாலோ கரையான் இருக்கிறது. முதலில் கரையானுக்கு மருந்து அடிக்க வேண்டும். பிறகுதான் தச்சு வேலை.

பழைய தேக்கு ஜன்னல்களில் பெரும்பாலும் கீழே ஆறு அங்குலம்தான் கெட்டிருக்கும். மீதி முழுவதும் திடமாக இருக்கும். ஆறு அங்குலத்துக்காக ஆறு அடியை எறிவது நியாயமா என்று யோசியுங்கள்.

பழைய பெயிண்ட்: ஓர் எச்சரிக்கை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். முற்காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணியே வேலை செய்ய வேண்டும். ஈயத் தூசு சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; கர்ப்பிணிகளுக்கும் கேடு.

ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மெஷின் வைத்து வீட்டுக்குள் தேய்ப்பது அதைவிட மோசம். நெருப்பு காட்டி உரிப்பதும் கூடாது. ஈயப் புகை எழும். தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கலாம்; அல்லது பெயிண்ட் உரிக்கும் திரவம் தடவிச் சுரண்டலாம். தரையில் பிளாஸ்டிக் விரித்து, சுரண்டியதை மூட்டையாகக் கட்டி அகற்ற வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகள் அந்த அறைக்கு வரக்கூடாது. வேலை செய்பவருக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுப்பதும் நம் பொறுப்பே. பெயிண்ட் உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தை முழுவதும் உரிக்கத் தேவையில்லை. மேலே புதுப் பூச்சு அடித்தால் போதும்.

பழுது பார்க்கும் வரிசை

முதலில் ஒவ்வொரு கதவுக்கும் எண் இட்டுக் கழற்றுங்கள். பழைய வேலையில் ஒரு கதவு மற்றொரு நிலைக்குப் பொருந்தாது. பழைய தச்சர்கள் துளையும் கழுந்துமாக மூட்டி, மர ஆணி அடித்திருப்பார்கள். மர ஆணியைத் தட்டி எடுத்தால் சட்டங்கள் பிரிந்து வரும். ஆடுகின்ற மூட்டுக்கு இரும்புப் பட்டை அடிப்பது தற்காலிக வைத்தியமே. பிரித்து, சுத்தம் செய்து, தண்ணீர் தாங்கும் பசை தடவி, ஆப்பு அடித்து இறுக்குவதே முறை.

உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து எடுத்துவிட்டு, அதே இன மரத்தில் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். நேராக வெட்டி ஒட்டக்கூடாது. சாய்வாக வெட்டிச் சேர்த்தால் ஒட்டும் பரப்பு கூடும். சேர்மானத்தின் நீளம் சட்டத்தின் கனத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். சாய்வு வெளிப்பக்கம் இறங்கினால் தண்ணீர் உள்ளே தங்காது. மரத்தின் ரேகை ஒரே திசையில் ஓட வேண்டும். உளுத்த மரத்தின் மேல் சிமெண்டோ பட்டியோ வைத்து மூடிவிட்டால், உள்ளே ஈரம் அடைபட்டு இன்னும் வேகமாகக் கெடும்.

அதன்பின் ஆறு பக்கமும் பிரைமர். அடி விளிம்புக்கு இரண்டு கோட். கண்ணாடி உட்காரும் காடிக்கும் பிரைமர் அடித்த பிறகே பட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியில் உள்ள ஆளிவிதை எண்ணெயை மரம் குடித்துவிட, பட்டி காய்ந்து உதிரும். சுவரைத் தொடும் நிலையின் பின்பக்கத்துக்குத் தார் பூசலாம். கீல்களுக்குப் பித்தளைத் திருகாணி நல்லது. துரு பிடித்து மரத்தைக் கறுக்கச் செய்யாது.

புதிய மரம் வாங்கும்போது

ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி சென்றவர்களுக்குப் பல்ஹார்ஷா நிலையம் தெரிந்திருக்கும். 1929-இல் காஜிப்பேட்டை–பல்ஹார்ஷா பாதை முடிந்த பிறகே சென்னைக்கும் டெல்லிக்கும் நேர்வழி கிடைத்தது. அந்தச் சந்திரபூர்ப் பகுதிக் காடுகளின் தேக்குதான் ஐதராபாத் மரக்கடைகளில் 'பல்லார்ஷா தேக்கு' என்று பெயர் பெற்றது. 'பர்மா தேக்கு' என்ற பலகையை நம்பி மட்டும் பணம் கொடுக்காதீர்கள். மியன்மார் 2014 ஏப்ரலில் வெட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வரும் தோட்டத் தேக்கு இப்போது சந்தையில் நிறைய உண்டு. அதில் குற்றம் இல்லை. ஆனால் இளமரமாக வெட்டப்பட்டால் வைரம் குறைவு, வெளிறிய வெளிமரம் அதிகம். கரையான் முதலில் தின்பது அந்த வெளிமரத்தைத்தான். பொன்-பழுப்பு நிற வைரப்பகுதியை மட்டும் கேட்டு வாங்குங்கள். சாயம் பூசிய பலகையானால் ஒரு முனையை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நிலைக்கு வேங்கையும், தெலுங்கில் 'நல்லமத்தி' எனப்படும் கருமருதும் உதவும். கருமருது கனமானது, சரியாகப் பதப்படாவிட்டால் வெடிக்கும், முறுக்கும். எனவே கதவுச் சட்டத்துக்கு அது ஏற்றதல்ல.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். வாங்கப்போகும் மரத்தில் சிறு துண்டு அறுத்து எடையிடுங்கள். 103 டிகிரி அளவில் அடுப்பறை ஓவனில் எடை மேலும் குறையாத வரை காயவைத்து மீண்டும் எடையிடுங்கள். 100 கிராம் துண்டு 89 கிராம் ஆனால், குறைந்த 11-ஐ 89-ஆல் வகுக்க, ஈரம் 12.4 சதவீதம். இந்த ஊருக்கு இது சரியான அளவே. 18, 20 என்று வந்தால் அந்த மரத்தை வாங்க வேண்டாம். நிலைக்கு ஐ.எஸ். 4021, கதவுக்கு ஐ.எஸ். 1003 என்ற இந்தியத் தரங்கள் உள்ளன. ஒப்பந்தத்தில் இவற்றைக் குறிப்பிட்டால் பேச்சு சுருங்கும்.

கன அடிக் கணக்கில் ஏமாறாமல் இருக்க ஓர் எளிய சூத்திரம்: நாலுக்கு மூன்று அங்குலச் சட்டம் 12 அடி நீளம் இருந்தால் ஒரு கன அடி. நடுவில் ஒரு சட்டத்துடன் நாலுக்கு நாலு அடி நிலைக்கு 20 அடி சட்டம் வேண்டும்; அதாவது சுமார் 1.67 கன அடி. சேதாரம் தனி. பில்லில் மூன்று கன அடி என்று இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

அடுக்குமாடிக்கு மரம் தேவையா?

எல்லா இடத்துக்கும் மரமே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எட்டாவது மாடியில், சன்ஷேடு இல்லாமல், மேற்கு மழை நேராக அடிக்கும் ஜன்னலுக்கு யு.பி.வி.சி. அல்லது அலுமினியம் நடைமுறைக்கு ஏற்றது. ஏணி வைத்துப் பெயிண்ட் அடிக்க முடியாத இடத்தில் மரம் வைத்தால் அது கெடத்தான் செய்யும். பால்கனிக்கு உள்ளே, நிழல் உள்ள இடத்தில், கை எட்டும் உயரத்தில் மரம் தாராளமாக வைக்கலாம். பழைய ஜன்னலையே அங்கே பொருத்தலாம்.

இடிப்பதற்கு முன்

செட்டிநாட்டில் பாகம் பிரிக்க முடியாத வீடுகள் இடிக்கப்பட்டு, தேக்குத் தூண்களும் ஜன்னல்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், அப்படி அழிய இருந்த வீடுகளின் பகுதிகளைக் கொண்டுவந்து மீண்டும் பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் போய் மறுபடி நிற்கக்கூடியது மர வேலை.

ஆகவே பழைய வீட்டைப் பில்டரிடம் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: நிலை, கதவு, ஜன்னல் உட்பட மரச்சாமான்கள் அனைத்தும் உரிமையாளருக்கே சேரும் என்று. அந்த வரி இல்லாவிட்டால் இடிப்பவருக்கே அவை போய்விடும். பிறகு கேட்டுப் பயனில்லை. சகோதர சகோதரிகள் நால்வர் என்றால், ஆளுக்கு ஒரு ஜன்னல் எடுத்துக்கொள்ளலாம். பணத்தைப் பங்கிட்டால் அது செலவாகிவிடும்.

பழைய வீட்டிலேயே இருப்பவர்கள், வருகிற ஜூன் மழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு எல்லா ஜன்னல்களின் கீழ்ச்சட்டத்தையும் குத்திப் பாருங்கள். அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் இல்லாமல் சொரசொரப்பாக இருந்தால், முதல் வேலை அங்கேதான்.