புதுக்கணக்கு போடும் முன்



மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஆள் மேல் ஆள் வருவார்கள். இருப்பு எவ்வளவு, பாங்கு கணக்கு எங்கே, கொள்முதல் பில் எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். நாமும் குடோன் வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, உத்தேசமாக ஓர் இருப்பை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சென்ற ஆண்டு லாபமா நஷ்டமா என்பதை ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். அதுவும் ஆடி, ஆவணியில். அதற்குள் தீபாவளிக் கொள்முதலுக்கு முன்பணமே கொடுத்து முடித்திருப்போம்.

வரி கட்டுவதற்காக முடிக்கும் கணக்கு வேறு. அடுத்த ஆண்டு எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது, யாருக்கு எவ்வளவு கடன் விடுவது என்று தீர்மானிப்பதற்காகப் பார்க்கும் கணக்கு வேறு. முன்னதை ஆடிட்டர் செய்து கொடுப்பார். பின்னதை நாம்தான் உட்கார்ந்து செய்தாக வேண்டும். நாங்களும் பல ஆண்டுகள் இதைச் செய்யாமல் காலம் தள்ளியவர்கள்தான். 2024-25ஆம் ஆண்டுதான் எங்களை உட்கார வைத்தது.

எங்களுடையது கள்ளக்குறிச்சியில் மளிகை மொத்த வியாபாரம். நகரத்துக்குள் கருணாபுரம் போன்ற பகுதிகளில் உள்ள சந்துக் கடைகள் முதல், கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துச் சிறு கடைகள் வரை எங்களிடம் சரக்கு எடுக்கின்றன. 2025 மார்ச் கடைசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு, நாங்களும் மகனும் கணக்குப்பிள்ளையும் பேரேட்டை வைத்துக்கொண்டு அமர்ந்தோம்.

முதலில் மொத்தத் தொகையைப் பார்த்தோம். லாபம் முந்திய ஆண்டைவிடக் கூடியிருந்தது. மகனுக்கு மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு எண்ணெயில் இன்னும் பெரிதாக இறங்கலாம் என்றார். சரக்கு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை ஒன்றுமில்லாததிலிருந்து 20 சதவீதமாகவும், சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5-லிருந்து 32.5 சதவீதமாகவும் உயர்த்தியது. அன்று குடோனில் இருந்த டின்களெல்லாம் இரவோடிரவாக விலை ஏறிக்கொண்டன. எங்கள் ஆண்டு லாபத்தில் நூற்றுக்கு முப்பது ரூபாய் அந்த ஓர் இரவில் வந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மற்றச் சரக்குகளில் முந்திய ஆண்டைவிடக் குறைவாகத்தான் சம்பாதித்திருந்தோம். மழை பெய்து ஏரி நிரம்பியதை நாம் கிணறு வெட்டி இறைத்த தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளக் கூடாதல்லவா? எண்ணெய்க் கொள்முதலைக் கூட்டாமல் பழைய அளவிலேயே நிறுத்தினோம். 2025 மே 30-ல் கச்சா எண்ணெயின் அடிப்படை வரி 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மகன் சொன்னபடி டின்களை அடுக்கி வைத்திருந்தால் முன்பு வந்ததில் பெரும் பங்கைத் திருப்பிக் கொடுத்திருப்போம்.

ஆகவே லாபத்தைப் பார்க்கும்போது, இது விலை ஏற்றத்தில் வந்ததா, விற்பனையில் வந்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு விற்பனையில் வந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அடுத்து குடோன். 2024 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். எங்கள் குடோனில் அடி வரிசைச் சர்க்கரை மூட்டைகள் கரைந்தன. காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். பாலிசியை எடுத்துப் பார்த்தால் அதில் கடை விலாசம் மட்டும் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு முன் வாடகைக்கு எடுத்த குடோன் விலாசம் இல்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை, நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. கெட்டுப்போன சரக்கை இருப்பிலிருந்து கழிக்கும்போது, அந்தச் சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியையும் திருப்பிக் கட்டவேண்டும். சரக்கும் போய் வரியும் போகிறது. ஆண்டு முடிவில் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணும்போது பாலிசியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். அது கடன் பாக்கி.

மளிகை மொத்த வியாபாரத்தில் சர்க்கரை, எண்ணெய் போன்ற சரக்கில் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் நின்றாலே பெரிது. பாங்கில் சி.சி. கணக்குக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி என்றால் மாதம் ஒரு ரூபாய். மூன்று மாதம் பாக்கி நின்றால் மூன்று ரூபாய். அதாவது அந்தச் சரக்கை பாங்குக்காக நாம் சுமந்து கொடுத்திருக்கிறோம் என்று பொருள். இதைத் தெரிந்துகொண்ட மகன், கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் எடுத்தார். தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கிதாரர்கள் யார் யாரோ, அவர்களுக்கு ஏப்ரல் முதல் சரக்கு நிறுத்தம் என்றார். கேட்பதற்குச் சரியாகவே இருந்தது.

பட்டியலில் பாதிப் பெயர்கள் மலைக்கடைக்காரர்கள். அங்கே புளி உலுக்குவது மாசி, பங்குனியில். ஓடு நீக்கி, கொட்டை எடுத்துக் கீழே கொண்டுவந்து காசாக்கச் சித்திரை ஆகிவிடும். மார்ச் 31 என்பது அரசாங்கம் வைத்த தேதி. புளியமரத்துக்கு அது தெரியாது. மலைப் பாக்கியை டிசம்பரோடு ஒப்பிடாமல் முந்திய ஆண்டு மார்ச்சோடு ஒப்பிட்டோம். ஏறக்குறைய அதே அளவுதான் இருந்தது. அவர்கள் பெயரை எடுத்துவிட்டோம்.

நகரத்துப் பெயர்களில் கருணாபுரத்துக் கடை ஒன்று இருந்தது. ஓர் அம்மையார் நடத்தும் சிறு கடை. நாற்பத்தாறாயிரம் ரூபாய் பாக்கி, ஜூலையிலிருந்து நிற்கிறது. அதற்கு முன் பத்தாண்டுப் பேரேட்டைப் புரட்டினாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றதில்லை.

2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நாடறிந்த செய்தி. பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் பேரேட்டில் அது எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம். அந்தக் கடையின் வரவு சனிக்கிழமைதோறும் வரும். சனிக்கிழமை கூலி வாங்கும் வீடுகள் அந்த அம்மையாருக்குக் கொடுக்கும். அவர் நமக்குக் கொடுப்பார். ஜூன் 22 சனிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் வரவே இல்லை, பற்று மட்டும் நடந்திருக்கிறது.

கூப்பிட்டுக் கேட்டோம். தம் நோட்டையும் கொண்டுவந்திருந்தார்.

"இதுல இருக்கற பேருல பல பேரு இப்ப இல்லைங்க ஐயா. யாருகிட்ட போயி கேக்கறது? புள்ளைங்க வந்து வாசல்ல நின்னா அரிசி இல்லன்னு சொல்ல முடியல. குடுத்தேன்."

இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்ததே, அதில் கேட்கலாமே என்று கணக்குப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பணத்துல போயி அரிசிக் கடன எப்பிடிங்க கேக்கறது?" என்றார். அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.

இந்தப் பாக்கி ஓர் ஆண்டு செய்த வேலை; கடை நடத்தியவரின் பழக்கம் செய்த வேலையன்று. பட்டியலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதே பட்டியலில் வராத பெயர் ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு பெரிய வாடிக்கையாளர். மாதக் கடைசியில் தவறாமல் ஒரு தொகை அனுப்புவார். அனுப்பும் பணம் பழைய பில்லில் வரவாகிவிடும். ஆகவே தொண்ணூறு நாள் பில் ஒன்றுகூட அவர் பெயரில் நிற்காது. கம்ப்யூட்டர் அவரை நல்லவர் என்றது. நாங்கள் வேறு விதமாகப் போட்டுப் பார்த்தோம். பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், எத்தனை நாள் விற்பனை அவரிடம் நிற்கிறது என்று தெரியும். முந்திய ஆண்டு 36 லட்சம் எடுத்து 3 லட்சம் பாக்கி, முப்பது நாள். இந்த ஆண்டு 40 லட்சம் எடுத்து 6 லட்சம் பாக்கி, ஐம்பத்தைந்து நாள். சரக்கு ஒன்பதில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, பாக்கி இரட்டிப்பாகியிருக்கிறது. நம் பணத்தில் அவர் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கடன் அளவைக் குறைத்தோம், கோபித்துக்கொண்டார். நான்கு மாதத்தில் கடை மூடிவிட்டது. பாக்கியில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை என்றாலும், குறைத்திருக்காவிட்டால் எங்கள் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஐந்தொகையில் பாக்கி சொத்துப் பக்கத்தில் இருக்கும். அதுதான் நம்மை ஏமாற்றுவது. பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் பெருமக்களைவிடக் கணக்கில் கெட்டிக்காரர்கள் யார் இருந்தார்கள்? மூன்றாண்டுக்கு ஒரு முறை ஏஜெண்டை மாற்றி, கணக்கை ஒப்புவிக்கச் செய்து நடத்திய தொழில் அது. 1930-ல் நெல் விலை வீழ்ந்தபோது கடன்காரர்களால் திருப்பித்தர முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலம், 1938-ல் 25 பங்கு ஆயிற்று. கணக்கில் சொத்து வளர்ந்தது, கையில் பணம் இல்லை. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது நிலத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊர் திரும்ப முடியவில்லை. நம் அளவு சிறியதுதான், ஆனால் கணக்கு ஒன்றுதான்.

பாக்கியில் சட்டமும் உண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, கெடு எதுவும் பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள்தான் வழக்குப் போட முடியும். அந்தக் கெடு முடிவதற்குள் ‘இவ்வளவு பாக்கி உண்மை’ என்று எழுத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால், கையெழுத்துத் தேதியிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு கிடைக்கும். கெடு முடிந்தபின் வாங்கும் கையெழுத்துக்கு இந்தப் பலன் இல்லை. ஆண்டு முடிவில் எல்லோரிடமும் பாக்கி ஒப்புதல் வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால்தான் மனத்தாங்கல் வரும். வராது என்று தெரிந்த பாக்கியைப் புத்தகத்தில் எழுதிக் கழித்தால்தான் வருமான வரியில் அது செலவாகும். மனத்தில் கழித்தால் ஆகாது. நாம் கட்டிய ஜி.எஸ்.டி. மட்டும் அதனால் திரும்ப வராது.

நாம் கொடுக்கவேண்டிய பாக்கியையும் பார்த்துவிடுங்கள். உத்யம் பதிவு பெற்ற சிறு, குறு உற்பத்தியாளரிடம் (அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, அப்பளக் கம்பெனி போன்றவை) வாங்கிய சரக்குக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்கவேண்டும். அந்தக் கெடு தாண்டி மார்ச் 31-ல் பாக்கி நின்றால், அந்தக் கொள்முதல் அந்த ஆண்டுச் செலவாக ஏற்கப்படாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் ஏற்கப்படும். இது 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து வந்த விதி. கையில் இல்லாத லாபத்துக்கு வரி கட்டிய நண்பர்கள் நம் வட்டாரத்திலேயே உண்டு.

இவ்வளவையும் பார்த்தபின்தான் அடுத்த ஆண்டுக்கான எண்களை எழுதினோம். பெரிய திட்டமெல்லாம் இல்லை, ஒரே ஒரு தாள். சரக்கு வாரியாகக் கொள்முதல் அளவு, பெயர் வாரியாகக் கடன் அளவு, குடோனில் மூட்டைக்கு அடியில் மரப்பலகை போடும் செலவு, திருத்திய பாலிசி. அந்தத் தாளைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேரேட்டோடு ஒத்துப்பார்க்கிறோம். முதல் முறை பார்த்தபோதே இரண்டு பெயர்களுக்கு நாங்களே எழுதிய அளவை நாங்களே மீறியிருந்தது தெரிந்தது.

கருணாபுரத்து அம்மையாரின் பழைய பாக்கியைத் தனிப் பக்கத்துக்கு மாற்றினோம். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு, மற்றவர்களுக்குள்ள அதே விலையில். பழையதில் முடிந்தபோது முடிந்ததைக் கொடுக்கட்டும் என்றோம். சனிக்கிழமை இருநூறு, முந்நூறு வருகிறது. சில வாரம் வருவதில்லை. 2025 தீபாவளி கழித்துப் பார்த்தபோது முப்பத்தெட்டாயிரம் நின்றது. அதில் ஒரு பகுதியைக் கழித்துவிடலாம் என்று சொன்னோம்.

"கழிக்காதீங்க ஐயா. நோட்டுல எம் பேரு இருக்கட்டும்" என்றார். ஒப்புதல் தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு சிப்பம் அரிசிக்குப் பணத்தை எண்ணி வைத்தார்.