பட்டாளத்துப் புத்தகம்

சத்தியவேடு பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு முதியவர் இருக்கிறார். வயது 80 தாண்டிவிட்டது. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டாளத்தார் என்றுதான் சொல்வார்கள்.

1962-இல் சீனாவோடு போர் நடந்தது. அதற்குப் பிறகு ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள். அப்போது சேர்ந்தவர் அவர். 7 ஆண்டு வேலை செய்தார். பணிக்காலம் முடிந்தது. அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். பென்ஷன் இல்லை. ஊருக்கு வந்து கூலி வேலை செய்தார். இப்போது கண் மங்கிவிட்டது. முழங்கால் மடங்கவில்லை. மகள் வீட்டில் இருக்கிறார். மகளுக்கும் கூலி வேலைதான்.

மகள் ஒரு நாள் கேட்டாள்.

"நைனா, உன் பட்டாளத்துப் புஸ்தகம் எங்கே?"

"எதுக்கும்மா?"

"சர்க்கார்ல உதவி கேக்கலாம்னு சொல்றாங்க."

"நான் துப்பாக்கி பிடிச்சவன். போய்ப் பிச்சை கேக்கச் சொல்றியா?"

இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? பார்ப்போம்.

முதலில் பென்ஷனைப் பற்றி ஒரு விஷயம். 1982 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதை நகாரா வழக்கு என்பார்கள். பென்ஷன் என்பது அரசு மனம் இரங்கிப் போடும் பிச்சை அல்ல, உழைத்தவருடைய உரிமை என்று அதில் சொன்னார்கள். அதனால்தான் டிசம்பர் 17-ஐப் பென்ஷன்தாரர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் நம் பட்டாளத்தாருக்குப் பென்ஷன் இல்லையே? சிப்பாய்க்குப் பென்ஷன் வரக் குறைந்தது 15 ஆண்டு பணி வேண்டும். அவர் செய்தது 7 ஆண்டு. இப்படிப்பட்டவர்களுக்காக வேறு ஓர் உதவி இருக்கிறது. வறுமை உதவித்தொகை என்று அதைச் சொல்லலாம். ஹவில்தாரும் அதற்குக் கீழ்ப் பதவியில் இருந்தவர்களும் கேட்கலாம். வயது 65 ஆகியிருக்கவேண்டும். பென்ஷன் வாங்கக் கூடாது. நிலையான வருமானம் இருக்கக் கூடாது. கணவர் இறந்துவிட்டால் மனைவியும் கேட்கலாம். முன்பு மாதம் 4,000 ரூபாய் கொடுத்தார்கள். 2025 நவம்பர் 1 முதல் வரும் மனுக்களுக்கு மாதம் 8,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் நடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காசு கொடுத்துச் சின்னக் கொடி வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். நீங்களும் வாங்கியிருப்பீர்கள். அந்தக் காசு சேரும் கொடி நாள் நிதியிலிருந்துதான் இந்த உதவி வருகிறது. ஊரே சேர்ந்து எடுத்து வைத்த பணம் அது. பட்டாளத்தாருக்கென்றே எடுத்து வைத்த பணம். அதைப் பட்டாளத்தார் கேட்டால் பிச்சை ஆகுமா?

மகள் இதைச் சொன்னாள். பெரியவர் பதில் பேசவில்லை. எழுந்து போய் மரப்பெட்டியைத் திறந்தார்.

அந்தப் புத்தகத்தின் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகம். பட்டாள எண், ரெஜிமெண்ட், சேர்ந்த தேதி, அனுப்பிய தேதி, அனுப்பிய காரணம் எல்லாம் அதில் இருக்கும். இதைவிட முக்கியமான காகிதம் வேறு இல்லை. ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு ஒரு தடவை முழுக்கப் படித்துக் கேளுங்கள். அதில் ரிசர்வ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் சிலரை 7 ஆண்டு வேலைக்குப் பிறகு ரிசர்வில் வைத்தார்கள். வீட்டில் இருக்கலாம், போர் வந்தால் கூப்பிடுவோம் என்று பொருள். வேலை செய்த காலமும் ரிசர்வில் இருந்த காலமும் சேர்ந்து 15 ஆண்டு ஆனால் ரிசர்வ் பென்ஷன் கேட்க வழி உண்டு. அப்படி இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

புத்தகம் தொலைந்துவிட்டதா? கரையான் அரித்துவிட்டதா? மனம் தளர வேண்டாம். போலீஸ் நிலையத்தில் தொலைந்ததாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஆவண அலுவலகம் ஒன்று உண்டு. மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. மதராஸ் சாப்பர்ஸ் படைக்குப் பெங்களூரில். பீரங்கிப் படைக்கு நாசிக்கில். பட்டாள எண் தெரிந்தால் அங்கிருந்து விவரம் வாங்கலாம். எண் மறந்துபோனால் பழைய கடிதம், மெடல், மணியார்டர் துண்டு எதையாவது தேடுங்கள். மெடலின் ஓரத்தில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள்.

அடுத்து, எங்கே போவது? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. சைனிக் போர்டு ஆபீஸ் என்று கேட்டால் தெரியும். சித்தூரில் இந்த அலுவலகம் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் 2022 ஏப்ரல் 4-இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தார்கள். சத்தியவேடு, புத்தூர், ஸ்ரீகாளஹஸ்தி எல்லாம் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. அதனால் உங்கள் மண்டலத்துக் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று முதலிலேயே போன் செய்து கேளுங்கள். முழங்கால் மடங்காத பெரியவரை இரண்டு பஸ் மாற்றி அழைத்துப்போய், "இங்கே இல்லை, அங்கே போ" என்று கேட்டுத் திரும்புவது பெரிய வேதனை.

மாவட்டம் மாறியதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சத்தியவேடு வட்டாரம் 1960 வரைக்கும் சென்னை மாநிலத்தில், செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. பிறகு ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். பெரியவர் பிறந்த ஊர் நகரவே இல்லை. ஆனாலும் ஒரு காகிதத்தில் செங்கல்பட்டு என்று இருக்கும். இன்னொன்றில் சித்தூர் என்று இருக்கும். ஆதாரில் திருப்பதி. பெயரிலும் இப்படித்தான். பட்டாளத்தில் ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள், ரேஷன் கார்டில் வேறு மாதிரி. பிறந்த தேதியும் வேறுபடும். குமாஸ்தா இதைப் பார்த்து மனுவைத் திருப்பிவிடுவார். ஆகவே எல்லாக் காகிதத்தையும் வீட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் என்ன சான்று வேண்டும் என்று நல அலுவலகத்தில் கேளுங்கள். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதித்தரச் சொல்லலாம். தாசில்தாரிடம் சான்று வாங்கி வரச் சொல்லலாம்.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர். அப்படிப்பட்ட ஊரில் வழி சொல்ல ஆள் உண்டு. ஊருக்கு ஒரே பட்டாளத்தார் என்றால் வழி நாமேதான் தேடவேண்டும்.

முன்னாள் படைவீரர் அடையாள அட்டை இல்லை என்றால் முதலில் அதற்கு எழுதிக் கொடுக்கவேண்டும். அப்புறம்தான் உதவித்தொகை மனு. மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். நல அலுவலகம் சரிபார்த்து மேலே அனுப்பும். டெல்லியில் இருக்கும் மத்திய சைனிக் போர்டு முடிவு செய்யும். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். வேறு உதவி ஏதாவது வாங்கினால் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் தெரிந்தால் தொல்லை. மனுவுக்குக் கட்டணம் இல்லை. "ஐயாயிரம் கொடு, நான் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

அலுவலகத்தில் கொடுக்கும் கடிதம் இப்படி இருக்கலாம்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். நான் ......... ரெஜிமெண்டில் ......... ஆண்டு முதல் ......... ஆண்டு வரை பணி செய்தேன். என் பட்டாள எண் ......... . எனக்கு வயது ......... . எனக்குப் பென்ஷன் இல்லை. நிலையான வருமானமும் இல்லை. மகள் வீட்டில் இருக்கிறேன். எனக்கு வறுமை உதவித்தொகை கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் புத்தகம், அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
.........

ஆந்திராவில் இதைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரச் சொல்வார்கள். முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தெரிந்தவரைக் கொண்டு மாற்றி எழுதுங்கள். எழுதியதை அவரே வாசித்துப் பொருள் சொல்லட்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலைக் காட்டலாம், யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது.

உங்கள் வீட்டுப் பெரியவர் பென்ஷன் வாங்குகிறவரா? அப்படியானால் உங்கள் கவலை வேறு. ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கவேண்டும். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். விரல் ரேகை வைத்துக் கொடுக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. அதற்கு முகத்தைப் படம் பிடித்துக் கொடுக்கும் வழி 2021-இல் வந்தது. தபால்காரர் வீட்டுக்கே வந்து சான்று எடுப்பதும் உண்டு, அதற்குச் சிறு கட்டணம்.

80 வயது முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 100-க்கு 20 கூடும். அடிப்படைப் பென்ஷன் 20,000 ரூபாய் என்றால் 4,000 ரூபாய் கூட வரவேண்டும். 85 வயதில் 30, 90 வயதில் 40, 95 வயதில் 50 என்று ஏறும். 100 வயதில் இரட்டிப்பு. பென்ஷன் ஆணையில் பிறந்த தேதி தவறாக இருந்தால் இது வராமல் போகும். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

மனுக் கொடுத்ததும் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேளுங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறை கேட்கும் கூட்டத்தில் அந்த நகலைக் காட்டி மனுக் கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய் கட்டி, "என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது? எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?" என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். எந்தத் தேதியில் யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த தடவை போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.