கைக்கடிகாரக் கேஸின் பிரஷ்டு ஃபினிஷை மீட்டெடுத்தல்

கைக்கடிகாரத்தின் எந்திரத்தைத் தாங்கி நிற்கும் உலோகக் கூட்டிற்குக் கேஸ் என்று பெயர். அதன் சில முகங்கள் முகம் பார்க்கும் அளவுக்கு மின்ன, வேறு சில முகங்கள் ஒரே திசையில் ஓடும் மிக நுண்ணிய கோடுகளால் மங்கிய பளபளப்புடன் இருக்கும். இந்த இரண்டாம் வகை மெருகே பிரஷ்டு ஃபினிஷ் எனப்படுகிறது. இணையான நுண்கோடுகள் தம்மீது படும் ஒளியைப் பெரும்பாலும் தமக்குக் குறுக்கான திசையில் சிதறடிப்பதால், மணிக்கட்டைத் திருப்பும்போது அந்த முகம் ஒரு கோணத்தில் வெளிச்சமாகவும் மறு கோணத்தில் இருண்டும் தோன்றுகிறது. திசை தவறிய ஒரே ஒரு கீறல்கூடக் கண்ணில் உறுத்துவதற்கும், சில பாகை விலகி இழுக்கப்பட்ட புதிய கோடுகள் பழைய கோடுகளோடு ஒட்டாமல் தனித்துத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

இவ்வேலையில் இறங்குவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, கீறல் என்பது உலோகத்தில் விழுந்த பள்ளம் என்பதும், அதை மறைப்பதென்றால் பள்ளத்தின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்து இறக்க வேண்டும் என்பதுமாகும். எனவே ஒவ்வொரு மீட்பும் கேஸிலிருந்து சிறிது உலோகத்தை எடுத்துவிடுகிறது; அந்த இழப்பு முதலில் வெளிப்படும் இடம் இரண்டு முகங்கள் சந்திக்கும் விளிம்பு. 1972-இல் ஜெரால்ட் ஜென்டாவின் வடிவமைப்பில் ஒடெமார் பிகே நிறுவனம் வெளியிட்ட ராயல் ஓக் இதற்குத் தெளிவான சான்று: அதன் எண்கோண வளையத்தின் மேல்முகம் நேர்கோடுகளாலும், அதைச் சுற்றிய சரிவு பளபளக்கும் மெருகாலும் அமைந்திருக்க, இரண்டையும் பிரிக்கும் கூர்மையான விளிம்பில்தான் அக்கடிகாரத்தின் தோற்றமே நிற்கிறது. அவ்விளிம்பு மழுங்கிய கேஸைவிடக் கீறல்களோடு கூர்மை கெடாத கேஸே மேலானது என்பது இத்துறையில் ஐயமின்றிச் சொல்லத்தக்க தீர்ப்பு. நகத்தால் வருடினால் தட்டுப்படும் ஆழமான வெட்டுகளை விட்டுவிடுவதே நல்லது. லேசர் கொண்டு உலோகத்தை உருக்கி நிரப்பும் பட்டறைகளுக்கு மட்டுமே உரிய வேலை அது.

அடுத்து உலோகம் எது என்று உறுதிசெய்ய வேண்டும். இன்றைய எஃகுக் கடிகாரங்களில் பெரும்பாலானவை 316எல் எனப்படும், குரோமியமும் நிக்கலும் மாலிப்டினமும் கலந்த துருவேறா எஃகால் ஆனவை. முழுத் தடிமனும் ஒரே உலோகமாக இருப்பதால் இவற்றை அச்சமின்றிக் கையாளலாம். ஆனால் பழைய கடிகாரங்கள் பலவற்றில் பின்மூடி மட்டுமே எஃகாக இருக்க, கேஸ் பித்தளையின்மேல் குரோமியமோ பொன்னோ பூசியதாக இருக்கும். பொன்பூச்சின் தடிமன் வழக்கமாகப் 10 அல்லது 20 மைக்ரான். பி400 எண்ணிட்ட எமரித் தாளின் துகளோ சுமார் 35 மைக்ரான் அளவுடையது. பூச்சைவிடப் பெரிய துகளைக் கொண்டு தேய்த்தால் பித்தளை வெளிப்படும் அபாயம் பெரிது என்பதால், பூசிய கேஸ்களுக்கு இம்முறை பொருந்தாது. கறுப்பு நிறப் பூச்சு பெற்றவற்றையும், மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட டைட்டானியத்தையும் அவ்வாறே தொடாமல் விட வேண்டும்.

தயாரிப்பில் காட்டும் பொறுமையே வேலையில் பாதி. பட்டையையோ செயினையோ கழற்றி, முடிந்தால் எந்திரத்தையும் வெளியே எடுத்துவிடுவது நல்லது. எடுக்க இயலாதபோது, நேரம் திருத்தும் சாவியின் இடைவெளியை நாடாவால் இறுக மூடி, உலர்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டும். எந்திரம் நீக்கிய வெறும் கேஸைச் சோப்பு நீரும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பது கட்டாயம். ஏனெனில் மூலைகளில் தங்கிய மணல்துகள் ஒன்று தேய்க்கும்போது இடம்பெயர்ந்தால், இருந்ததைவிட மோசமான கீறலை அது உண்டாக்கும். மின்னும் முகங்களையும் கண்ணாடியையும் நாடா ஒட்டிக் காக்கும்போது, சாதாரணக் காகித நாடா சில இழுப்புகளிலேயே கிழிந்துவிடுவதால், மின்னணுப் பலகைகளைப் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் பொன்னிறக் கேப்டான் நாடாவை இரண்டு அடுக்காக, விளிம்புக் கோட்டோடு மிகச் சரியாகப் பொருந்த ஒட்டுவது சிறந்தது. இருவகை மெருகும் கெட்டிருந்தால், மின்னும் முகத்தை முதலில் முடித்து, அதை மூடிய பிறகே கோடுகளுக்கு வர வேண்டும்; முறை மாறினால், மின்னும் மெருகைத் தரும் பஃபிங் சக்கரம் புதிய கோடுகளை அழித்துவிடும்.

தேய்க்கும் பொருளாக எமரித் தாளோ, நைலான் இழைகளில் தேய்ப்புத் துகள்கள் பதித்த ஸ்காட்ச்-பிரைட் போன்ற பஞ்சோ பயன்படும். எண் கூடக்கூடத் துகள் சிறுக்கும். எஃகுக் கேஸ்களின் வழக்கமான கோடுகளுக்குப் பி400 முதல் பி600 வரையுள்ள தாள்கள் பெரும்பாலும் நெருங்கி வரும். இருப்பினும் எண்ணை நம்பாமல், செயின் கொக்கியின் உட்புறம் போன்ற மறைவிடத்தில் இழுத்துப் பார்த்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் பழைய கோடுகளோடு ஒப்பிட்டு முடிவுசெய்வதே பிழையில்லாத வழி. சாதாரண இரும்புக் கம்பிப் பஞ்சு எஃகின்மேல் நுண்ணிய இரும்புத் துணுக்குகளை விட்டுச்சென்று, அவை பின்னர் துருப்பிடிப்பதால் அதை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

துகளின் அளவைவிட, தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. விரல் நுனியால் அழுத்தினால் மென்மையான சதை விளிம்பின்மேல் வழிந்து அதை உருட்டிவிடும். அதே தாளை ஒரு தட்டையான அக்ரிலிக் துண்டில் ஒட்டி இழுத்தால் முகம் சமமாகவும் விளிம்பு கூர்மையாகவும் நிற்கும். பட்டையைப் பிடித்திருக்கும் லக் எனும் நீட்சிகளின் வளைந்த மேல்முகத்திற்கு மட்டுமே, வளைவைப் பின்பற்றும் பஞ்சு உகந்தது. இழுப்பு ஒரே திசையில், முகத்திற்கு வெளியே தொடங்கி மறுபுறம் முகத்தைக் கடந்த பிறகே முடிய வேண்டும். முகத்தின் நடுவில் நிறுத்தினாலோ முன்னும் பின்னுமாகத் தேய்த்தாலோ, கை திரும்பும் இடத்தில் கொக்கி போல வளைந்த சிறு கோடுகள் விழுந்து, கைத்தேய்ப்பு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். மேசையோடு ஒரு நேர்விளிம்பைப் பொருத்தி, அதை ஒட்டியே துண்டை நகர்த்தினால் திசை பிசகாது; அழுத்தம் இலேசாகவும் எல்லா இழுப்பிலும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு இரண்டு மூன்று இழுப்புக்கும் பிறகு பொடியைத் துடைத்து, ஒரே பக்கத்திலிருந்து விழும் ஒற்றை விளக்கின் கீழ் கேஸைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பல விளக்குகள் எரியும் அறையில் குறைகள் மறைந்துபோகும். கோடுகள் சீராகத் தெரிந்த கணத்தில் நிறுத்தாமல், இன்னும் கொஞ்சம் என்று தொடர்வதால் பாழான கேஸ்கள் மிகுதி.

மையத்திலிருந்து கதிராகப் பரவும் கோடுகளும் வட்டக் கோடுகளும் கேஸைச் சுழற்றும் எந்திரத்தால் போடப்பட்டவை. வெறுங்கையால் அவற்றை மீட்க முயல்வதில் பயனில்லை.

வேலை முடிந்தபின் நாடாவை நீக்கி, பசையை ஆல்கஹாலால் துடைத்து, கேஸை மீண்டும் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். தேய்த்த எஃகின்மேல் துருவைத் தடுக்கும் குரோமிய ஆக்சைடுப் படலம் காற்றுப் பட்டதும் தானே மீண்டும் உருவாகிவிடுவதால் தனிப் பூச்சு எதுவும் தேவையில்லை. பின்மூடி திறக்கப்பட்டிருந்தால் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, அழுத்தச் சோதனையில் தேறும்வரை அக்கடிகாரத்தைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.