கோழிக் குஞ்சுகளைப் பருந்தினின்றும் கீரியினின்றும் காத்தல்

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களில் வீட்டுக் கோழி வளர்ப்புப் பெரும்பாலும் பெண்மணிகளின் கையிலேயே உள்ளது. முட்டையும் சேவலும் விற்ற காசு பிள்ளைகளின் புஸ்தகத்திற்கும், சில வேளைகளில் சங்கத்துத் தவணைக்கும் உதவுகின்றது. சிறுவிடைப் பெட்டை ஒன்று 21 நாள் அடைகாத்து 10 குஞ்சு பொரிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்குள் அவற்றில் 6 பறிபோகுமாயின் அந்த அடையினால் மிஞ்சுவது சொற்பமே. ஆகையால் அங்கத்தினர்கள் புதிய கோழி வாங்கக் கடன் கேட்குமுன் உள்ள குஞ்சுகளைக் காக்க வழி தேடுதல் நலம்.

முதலில் திருடன் இன்னான் என்று அறிதல் வேண்டும். பகலில் குஞ்சு சுவடின்றி மறைந்தால் பெரும்பாலும் ஊர்ப்பருந்தோ காகமோ கொண்டுபோயிருக்கும். ஒரே இடத்தில் இறகுகள் வட்டமாய்ச் சிதறிக் கிடந்தால் வல்லூறு அங்கேயே இருந்து தின்றதாகக் கொள்ளலாம். கழுத்தும் தலையும் கடியுண்டு பல குஞ்சுகள் ஒருங்கே செத்துக் கிடந்தால் பகலில் கீரியையும், இரவில் மரநாயையும் காட்டுப்பூனையையும் சந்தேகிக்கவேண்டும். ஓடும் மிஞ்சாமல் முட்டை மறைந்தால் பாம்பு. ஓடு உடைந்து கிடந்தால் காகமோ கீரியோ. காயம் ஏதுமின்றி, கழிந்து சோர்ந்து கோழிகள் மடிந்தால் அது வெள்ளைக்கழிச்சல். அதற்குத் தடுப்பூசியே பரிகாரம். நோயின் பழியைப் பருந்தின்மேல் போடுவோர் நம்மில் அநேகர்.

நமது பகுதியின் கிளுவை வேலியில் ஒரு சங்கடம் உண்டு. பருந்தின் நிழலைக் கண்ட தாய்க்கோழி குரல் கொடுத்ததும் குஞ்சுகள் ஓடி ஒளிவது அவ்வேலியின் அடியில்தான். கீரி பதுங்கியிருப்பதும் அங்கேதான். வேலியை அழித்துவிட்டால் வானத்துப் பகைக்கு வழி திறந்ததாகும். எனவே வீட்டை ஒட்டிய வேலியின் அடிப்புதரை மட்டும் ஒரு முழ உயரத்துக்குக் கழித்து, மேற்கிளைகளை விட்டுவைக்கலாம். முற்றத்தின் நடுவில் சோளத்தட்டையால் தாழ்ந்த பந்தல்கள் இரண்டு மூன்று போட்டால் குஞ்சுகளுக்குக் கீரியில்லாத மறைவு கிட்டும். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கட்டிய கயிறுகளைக் கண்டு ஊர்ப்பருந்து இறங்கத் தயங்கும். வல்லூறு அவ்வளவாகத் தயங்குவதில்லை.

தை அறுவடை முடிந்து காடு வெறுந்தட்டையாய்க் கிடக்கும் நாட்களில் அதிக ஜாக்கிரதை வேண்டும். மறைவு குறைவதும், ஊர்ப்பருந்து தன் கூட்டுக் குஞ்சுகளுக்கு இரை தேடுவதும் அப்பருவத்தில்தான். அப்போது பொரித்த குஞ்சுகளை முதல் நான்கு வாரங்கள் தாயுடன் பஞ்சாரத்தில் அடைத்து, வீட்டார் முற்றத்தில் இருக்கும்போது மாத்திரம் திறந்துவிடுதல் உத்தமம். செத்த கோழியையும் குடலையும் குப்பைமேட்டில் எறிவது பருந்தையும் நாயையும் நாமே விருந்துக்கு அழைப்பதாகும், ஆழப் புதைக்கவேண்டும்.

இரவுக்குப் பஞ்சாரம் போதாது. மேலே கல் வைத்தாலும் நாய் உருட்டிவிடும், கீழே மண்ணைப் பறித்தும் நுழையும். தரையினின்று 2 அடி உயரத்தில் கால்கள் நாட்டி மரக்கூடு அமைத்து, கால்களில் தகரத்தைச் சுற்றி, திறப்புகளை அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் மூடவேண்டும். கோழிவலை என்று கடைகளில் விற்கும் பெருங்கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பாம்பை வெளியே நிறுத்தாது. கதவுக்குக் கொண்டியும் வேண்டும். தரையிலேயே கூடு உள்ளவர்கள் சுவரையொட்டி வெளிப்புறம் ஓரடி அகலத்துக்கு வலையைப் பரப்பி மேலே கல் அடுக்கலாம். சிறுமலை அடிவாரத்து ஊர்களில் அந்திக்கு முன்பே கோழிகளை அடைப்பது அவசியம்.

விஷமும் கண்ணியும் வைப்பதை யாரும் நினைக்கவேண்டாம். கீரியும் காட்டுப்பூனையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றைக் கொல்லுதல் குற்றம். அன்றியும் நம் தானியத்தைத் தின்னும் எலிகளைக் குறைப்பவை அவையே. விஷ உணவை முதலில் தின்பது பெரும்பாலும் அண்டை வீட்டு நாய்தான்.

மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராமப் புனருத்தாரண நிலையம் முட்டை விற்பனையைக் கூட்டுறவு முறையில் நடத்தியது. விற்பதில் கூடிய கைகள் வாங்குவதிலும் கூடலாம். கம்பிவலையை முழுச் சுருளாக வாங்கிப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தால், துண்டு துண்டாய் வாங்கும் விலையைவிடக் குறைவாகவே விழும். கோழி அடையில் அமர்ந்த வீடுகளுக்கு முதலில் கொடுக்கலாம். அடை வைத்த அன்றே செயலாளரிடம் சொன்னால் கூடு முடிக்க 21 நாள் அவகாசம் இருக்கின்றது.