பஸ் ஏற்றிவிட்டால் தீருமா?

நம்பிக்கை: உழைக்க மனசில்லாதவர்கள்தான் பிளாட்பாரத்தில் கிடக்கிறார்கள். சொந்த ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

உண்மை: ஏற்றியும் பார்த்தாயிற்று. மழை பொய்த்துப் பிழைப்பில்லாமல் 1961இல் சேலத்திலிருந்து பம்பாய் போனார் நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவர். தஹிசரில் ரசாயனக் கம்பெனி வேலை, தினக்கூலி 23 ரூபாய். பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் கட்டிய குடிசைக்கு, பேட்டை தாதா ஒருவன் 2,500 ரூபாய் கறந்திருக்கிறான். (ஓசிக் குடித்தனம் என்பவர்கள் கவனிக்க.) 1981 ஜூலையில் மாநகராட்சி குடிசையைப் பிரித்துப்போட்டு, மனைவி, மூன்று மகள்களோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றியது. குடும்பம் ஊரில் தங்கிவிட்டது. அவர் வேலை தேடித் திரும்பவும் பம்பாய் பிளாட்பாரத்துக்கே வந்தார். பிளாட்பாரவாசிகளை அப்புறப்படுத்துவதை எதிர்த்து நடந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் வந்த தீர்ப்பிலேயே இவர் கதை இருக்கிறது. வேலைக்குப் பக்கத்தில் படுத்தால்தான் கூலி வழிச்செலவில் கரையாது என்பதை உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. பிழைப்பும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. மழைக்காலம் கழிந்தபின் அப்புறப்படுத்தலாம் என்றதும் அதே தீர்ப்புதான். மேடைகளில் முன்பாதியை மட்டும்தான் சொல்வார்கள்.

நம்பிக்கை: அரசுக் காப்பகம் இருந்தும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள்.

உண்மை: விதிப்படி நகரத்தில் 1 லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்கக் காப்பக வசதி வேண்டும், ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 பேர் தங்கலாம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. சென்னை வால்டாக்ஸ் சாலையோரம் புருஷன், பெண்டாட்டி, வயதுக்கு வந்த மகள், மாமியார் என்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் எந்தக் கதவைத் தட்டும்? பிழைப்புக்கான மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்தும்? நள்ளிரவில் கோயம்பேடு சந்தையில் லோடு இறக்கக் கிளம்புகிறவருக்கு யார் கதவு திறப்பார்கள்?

நம்பிக்கை: சோற்றுப் பொட்டலம் கொடுத்தால் போதும்.

உண்மை: மலிவு விலை அம்மா உணவகம் 2013இல் வந்தபோதே இட்லி 1 ரூபாய்தான். காசு கரைவது கட்டணக் கழிப்பறையில். ஐந்து பேர் போய்க் குளித்து வருவதற்குள் கைக்காசு பாதி காலி. அதற்குப் பயந்தே பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு இருட்டக் காத்திருக்கிறார்கள். மழை வந்தால் முதலில் எடுத்து இடுப்பில் செருகுவது சோற்றுப் பொட்டலத்தை அல்ல, ஆதாரும் ரேஷன் கார்டும் சுற்றிவைத்த பிளாஸ்டிக் கவரை.

நம்பிக்கை: வீடில்லாதவருக்கு ஓட்டு கிடையாது.

உண்மை: உண்டு, முகவரிச் சான்றும் வேண்டாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, ஆள் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி போதாது, இன்னொரு ராத்திரியும் வர வேண்டும். லோடு இறக்கப் போனவர் பாடுதான் திண்டாட்டம்.