எழுதத் தூண்டுவது எது?

“எழுத்தாளர் ஏன் எழுதுகிறார்?” என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், நம் மாணவியர் சளைக்காமல் இரண்டு பக்கம் எழுதிவிடுவார்கள். புகழுக்காக, பொருளுக்காக, நாட்டுக்காக என்று காரணங்கள் வரிசையாக வரும். எதுவும் பொய்யன்று. ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சன், 1759-இல் தம் தாயார் மறைந்தபோது அடக்கச் செலவுக்குப் பணம் வேண்டி, ஒரே வாரத்து மாலைப் பொழுதுகளில் ‘ராசலஸ்’ என்னும் கதையை எழுதி முடித்தார் என்பர். பணமும் எழுத வைக்கும்! ஆனால், பணமும் புகழும் கண்ணுக்கு எட்டாத இளம் வயதில் ஒருத்தி ஏன் எழுதத் தொடங்குகிறாள்? நான் கேட்க விரும்புவது இதைத்தான்.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் ஒரு மாணவி படித்தாள். அவளது கட்டுரை ஏட்டில் எந்தத் தலைப்பும் அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை. “முயற்சி போதாது” என்று சிவப்பு மையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒருநாள் நண்பகலில் வேப்பமரத்தடிப் பக்கம் போனேன். அதே பெண் கதை சொல்லிக் கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் கேட்டுக் கொண்டிருந்தார்கள். அன்று எனக்கு வை. மு. கோதைநாயகி அம்மாளின் நினைவு வந்தது.

1901-இல் பிறந்த அவர் பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். ஐந்தரை வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. சிறு வயது முதலே அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். பெரியவர்களும் வந்து உட்கார்ந்து கேட்பார்களாம். பின்னர், கணவருடன் சென்று பார்த்த நாடகங்கள், தாமும் ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்ற ஆசையைக் கிளப்பின. ஆனால் அவருக்குச் சரளமாக எழுத வராது. என்ன செய்தார்? அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான ‘இந்திர மோகனா’ 1924-இல் அச்சேறியது. எழுதவும் அந்தத் தோழியிடமே கற்றுக்கொண்டார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

எழுதத் தெரியாமலே ஒருவர் எழுத்தாளர் ஆகத் தொடங்கிவிட்டார், பார்த்தீர்களா! அவருக்கு முதலில் கிடைத்தது பேனா அன்று, கேட்பதற்கு ஆள். நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பட்டம்மாளுக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

கேட்க ஒருவருமே இல்லாவிட்டால்? ஆன் பிராங்கை நினைத்துப் பாருங்கள். 1942-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், பதின்மூன்றாவது பிறந்த நாளில், அவளுக்கு நாட்குறிப்பேடு ஒன்று கிடைத்தது. அடுத்த மாதமே, யூதர்களை வேட்டையாடிய நாஜிகளுக்கு அஞ்சி, ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. மனம்விட்டுப் பேசத் தோழி இல்லை. ஆகவே ‘கிட்டி’ என்று ஒரு தோழியைக் கற்பனையில் படைத்து, அவளுக்குக் கடிதங்களாக எழுதினாள். 1944 மார்ச்சில், போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பாதுகாத்து வைக்குமாறு டச்சு அமைச்சர் ஒருவர் லண்டனிலிருந்து வானொலியில் கேட்டுக்கொண்டார். ஒரு நாடே கேட்கக் காத்திருக்கிறது என்று தெரிந்ததும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? மே மாதத்தில் பழைய பக்கங்களை எடுத்து, நூலாக வெளியிடும் எண்ணத்தோடு திருத்தி எழுதத் தொடங்கினாள். தனக்கென எழுதியபோது போதுமானதாக இருந்த வரிகள் இப்போது போதவில்லை. ஆகஸ்ட் 4-இல் பிடிபடும் வரை அந்த வேலை நடந்தது. 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். அவளுடைய ஏடுகளை அலுவலகப் பெண்கள் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1947-இல் தந்தை அவற்றை நூலாக வெளியிட்டார்.

நம் வேப்பமரத்துக் கதைசொல்லிக்கு வருகிறேன். அடுத்த கட்டுரை வகுப்பில் அவளை எழுதச் சொல்லவில்லை. “நீ சொல்லு; பக்கத்தில் இருப்பவள் எழுதட்டும்” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் முதலில் தயங்கினாள். பிறகு மரத்தடிக் குரல் வந்துவிட்டது. எழுதுகிறவள் நடுநடுவே, “அப்புறம்?” என்று கேட்டுக் கொண்டே இருந்தாள். மணி அடித்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் பதினொரு பக்கங்கள் என் மேசைக்கு வந்தன. ஒற்றுப் பிழைகள் ஏராளம். சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன். முதலில் கதையைப் படித்துவிடலாம் என்று மூடி வைத்தேன்.