மான் தலை பாடம் செய்யத் தொடங்குபவருக்கு

சுங்கை பட்டாணி

அன்புள்ள மருமகனுக்கு,

மான் தலையைப் பாடம் செய்வது பெரும்பாலும் தோல் வேலை. சுவரில் மாட்டிய தலையில் மிருகத்துக்குச் சொந்தமானவை தோலும் கொம்பும் கொம்பைத் தாங்கும் மண்டைத் துண்டும்தான். கழுத்தும் முகமும் வார்ப்பு, கண் கண்ணாடி. மைசூரில் 1900 முதல் 1999 வரை இத்தொழில் நடத்திய வான் இங்கென் குடும்பம் காகிதக்கூழ் வார்ப்புகளின்மேல் தோலைப் போர்த்தியது. இன்று அந்த இடத்தில் பாலியூரித்தேன் நுரை வந்துவிட்டது.

கத்தியைத் தீட்டுவதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் பாதுகாக்கப்பட்ட விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அவற்றின் கொம்பையோ தோலையோ வைத்திருப்பதும் இச்சட்டத்துக்குள் வரும். 2022-இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. ஆகவே செம்பனைத் தோட்டத்தில் கண்ணியில் சிக்கிய கடமானின் தலையை யாராவது சாக்கில் கட்டிக் கொண்டுவந்தால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் திருப்பி அனுப்புவதே சரி. ஆளின்றிக் கிடந்த கொம்பு என்றாலும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். நேர்வழியில் கிடைப்பது பண்ணை மான். மலேசியப் பண்ணைகளில் இறைச்சிக்காக வளர்ப்பது பெரும்பாலும் தீமோர் மான். அதற்கும் பண்ணையின் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது.

முதல் தலை மானாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டுக்கிடா போதும். முனீஸ்வரர் கோயில் பூசையில் வெட்டும் கிடாவின் தலையும் தோலும் பல தோட்டங்களில் கேட்டாலே கிடைக்கும். உருமி மேளத்துக்குத் தோல் பதமாக்குகிறவரிடம் சதை சுரண்டும் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். அவர் மயிரைக் களைந்துவிடுவார். இங்கே ஒரு மயிரும் கழலக் கூடாது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் வேலையின் கடினம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கோயில் கிடாவானாலும் பண்ணை மானானாலும் ஒரு சிக்கல் உண்டு. வெட்டு விழும் இடம் கழுத்து. பாடம் செய்த தலையில் எல்லார் கண்ணும் விழும் இடமும் அதுவே. வெட்டை உட்புறத்திலிருந்து நெருக்கமாகத் தைத்து மூடப் பழகுவது தொடக்கப் பாடங்களில் ஒன்று.

கெடா வெயிலில் எதிரி நேரம். உயிர் போனதும் கிருமிகள் மயிர்க்காலைத் தின்னத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் மயிர் கொத்தாகக் கையோடு வரும். அப்படிக் கெட்ட தோலை எந்த மருந்தும் மீட்காது. அதனால் தோலை அன்றே உரிக்க வேண்டும், இல்லையேல் பையில் சுற்றி உறைபெட்டியில் வைக்க வேண்டும். உரிப்பதற்கு முன் கண்ணின் உள்முனையிலிருந்து மூக்கு நுனிவரை ஓர் அளவும், காதுக்குப் பின்னால் கழுத்தின் சுற்றளவும் எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்; வார்ப்பைத் தேர்வதற்கு இவை வேண்டும். தோளுக்குப் பின்னால் சுற்றி வெட்டி, பிடரி வழியே கொம்படிவரை கீறி, தோலைச் சட்டைபோல் கழற்றுவது வழக்கம். மார்பைத் தாராளமாக விட்டு வெட்டலாம். மிஞ்சினால் நறுக்கலாம், குறைந்தால் ஒட்ட முடியாது.

உதடு, இமை, மூக்கு, காது ஆகிய நான்கு இடங்களில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். உதட்டையும் இமையையும் உட்புறமாகப் பிளந்து விரிக்க வேண்டும். காதை உள்வெளியாகத் திருப்பி, குருத்தெலும்பைத் தோலிலிருந்து பிரிக்க வேண்டும். பிரிக்காத இடத்தில் உப்பு ஏறாது. உப்பு ஏறாத இடம் அழுகும். அயோடின் கலக்காத பொடி உப்பை, தோலின் எடைக்கு ஏறக்குறையச் சமமாக எடுத்து, உட்புறம் முழுவதும் அழுத்தித் தேய்த்து, நீர் வடியும்படி சாய்த்து வைக்கலாம். மறுநாள் நனைந்த உப்பை உதறிவிட்டுப் புதிதாக இட வேண்டும். கல்லுப்பு மடிப்புகளுக்குள் இறங்காது என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. பிறகு அமில ஊறல், தோலை மெல்லியதாகச் சீவுதல், பதனிடுதல் ஆகியவை வரிசையாக வரும். ஆட்டுத்தோலில் பழகுவதற்குப் படிகாரப் பதனே போதும்.

வார்ப்பில் பசை தடவித் தோலைப் போர்த்துவது ஒரே நாள் வேலை. உயிர்க்களை கண்ணில்தான் வரும். மானின் கண்மணி கிடைநீளமானது. தலை எப்படிச் சாய்ந்தாலும் அது தரைக்கு இணையாக நிற்கும்படி கண்ணாடிக் கண்ணைப் பொருத்தி, சுற்றிக் களிமண்ணால் இமையை எழுப்ப வேண்டும். இதற்குப் படத்தைவிட உயிருள்ள மானே நல்ல ஆசான். பண்ணை மானை அருகிலிருந்து பார்த்து, முகத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். 1883-இல் தொடங்கிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகள் உள்ளன. இங்கிருந்து ஒரே நாளில் போய்வரலாம். பழைய வேலையின் நிறையும் குறையும் அங்கே தெரியும்.

காய்வதற்கு வாரங்கள் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். அதுவரை காதுகளை அட்டை வைத்துக் கவ்வி, தையலை நாள்தோறும் பார்த்து, மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கித் தையல் பிரியும். காய்ந்த பின் பூஞ்சையும் தோல் தின்னும் வண்டும் வராமல் காப்பது வாங்குபவரின் பொறுப்பு என்றாலும், அதைச் சொல்லிக் கொடுப்பது செய்தவரின் கடமை.

பழைய தோட்டப் பங்களாக்களிலிருந்து சீர்செய்யச் சொல்லி வரும் தலைகளைத் தொடக்கத்தில் ஏற்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டிலும் பல தோல்களுக்கு ஆர்செனிக் பூசியிருக்கிறார்கள். அந்த நஞ்சு இன்னும் தூசியில் இருக்கலாம்.

அன்புடன்,
மாமா